ஓடுது, ஆனா ஏன்?

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். என் கையெழுத்து மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி இருக்கும். சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்பதில் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். இதை அச்சுக்கோக்கிறவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளவும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம், நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் நான் வேலை செய்தேன். கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். பிறகு லேப்டாப்பைக் கழற்றித் தூசு எடுப்பது, விசிறியை மாற்றுவது, திரும்ப மூடுவது எல்லாம் என் வேலையானது. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் திருகாணிக்கு மொழி கிடையாதே. அந்தக் கடையில்தான் அவரும் இருந்தார். வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வருடம் சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார்.

சாருக்கு ஒரு குணம் இருந்தது. ஒன்று கெட்டுப் போனால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். அவர் அது சரியானாலும் கேட்பார்.

கடையின் பின்னறையில் ஒரு டியூப்லைட் எரியாமல் நின்றது. ஓரத்தில் ஒரு தட்டு தட்டினேன், எரிந்தது. சார் ஓடி வந்தார்.

“ஏன்ணா எரிஞ்சுது?”

“தட்டினேன் சார்.”

“தட்டினா ஏன் எரியணும்?”

எனக்கு என்ன தெரியும்? அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைத் திரும்பவும் அணைய வைத்தார். இரண்டு நாள் பின்னறையில் செல்போன் வெளிச்சத்தில்தான் வேலை நடந்தது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் லைட்டுக்கு எரிய அனுமதி கிடைத்தது.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்து, மாத்திரை போடுவதற்கு முன்பே போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் நல்லது என்று வேலைக்கு வருவார்கள். இவர் பெருங்களத்தூரில் ஒரு டாக்டரிடம் டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, “காய்ச்சல் போயிடுச்சு டாக்டர், ஏன் போச்சுன்னு தெரியணும்” என்று கேட்டிருக்கிறார். டாக்டர், “அது போயிடுச்சுல்ல, நீங்களும் போங்க” என்றாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். சிரிப்புக் கதையாகச் சொல்லவில்லை, டாக்டர் மேல் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

பெண் பார்க்கப் போன கதையையும் அப்படித்தான் சொன்னார். குரோம்பேட்டையில் பெண் வீடு. பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் பெண்ணின் அப்பா, “எங்களுக்கு சம்மதம்” என்று சொல்லியிருக்கிறார். சார், “எதனால?” என்று கேட்டுவிட்டார். மூன்று நாள் கழித்து, ஜாதகத்தை இன்னொரு முறை பார்த்ததில் சரியில்லை என்று தகவல் வந்தது.

“கேள்வியில தப்பு இல்லண்ணா. அவங்ககிட்ட பதில் இல்ல, அவ்ளோதான்.”

எங்கள் முதலாளி ஒரு பெண்மணி. நாங்கள் மேடம் என்போம். இரும்புலியூர்க்காரர், வாய் கொஞ்சம் பெரிது, மனசும் அப்படித்தான். சாருடைய இந்தக் குணத்தால் கடையில் அவர் ஒரு சட்டமே போட வேண்டியதாயிற்று. நான் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், சாரே ஒரு லேப்டாப்பைக் கழற்றி மூடியிருக்கிறார். மூடிய பிறகு மேஜையில் மூன்று திருகாணி மிச்சம். லேப்டாப் நன்றாகவே ஓடியது. ஆனால் மூன்று திருகாணி இல்லாமல் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க, அதை மறுபடி நான்கு முறை கழற்றியிருக்கிறார். நான்காம் முறை அது ஓடவில்லை.

“இன்னாபா இது பேஜாரு! ஓடிக்கினு இருந்தத நோண்டி நோண்டிக் கொன்னுட்டியே!” என்று மேடம் கத்தினார். “இன்னிலேந்து ஸ்க்ரூ டிரைவரு அவரு கைல, கீபோர்டு உன் கைல. மாத்தித் தொட்டா வூட்டுக்குப் போய்டுங்க ரெண்டு பேரும்.”

அன்றிலிருந்து அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. நானும் ஒரு பொத்தானை அழுத்தியதில்லை. நான் சொல்லப்போகும் சங்கதி முழுக்க இந்தச் சட்டத்தால் வந்தது என்று மேடத்திடம் யாரும் சொல்ல வேண்டாம்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு மாலை நேரப் படிப்புக்கூடம் நடக்கிறது. அதை ஒரு சிஸ்டர் பார்த்துக்கொள்கிறார். மூடிப்போன ஏதோ ஓர் ஆபீசிலிருந்து அவருக்குப் பழைய சின்ன லேப்டாப் பதிமூன்று கிடைத்தது. பன்னிரண்டை ஓடவைத்துக் கொடுக்க வேண்டும், ஒன்றை உதிரிப் பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கூடத்தின் ஒரு மூலையில் இன்டர்நெட் பெட்டி இருக்கிறது. கம்பி இழுக்க வசதி இல்லாததால் பன்னிரண்டும் ஒயர்லெஸ்ஸில்தான் இணைய வேண்டும். கிடைத்த லேப்டாப்புகளில் ஹார்ட் டிஸ்க் எல்லாம் போயிருந்தது. நான் வேறு போட்டு, தூசு எடுத்து, சுத்தமாக மூடிக் கொடுத்தேன். மீதி சாருடைய வேலை.

அந்த லேப்டாப்புகளுக்கு வயதாகிவிட்டது. இப்போது வரும் சாப்ட்வேரைப் போட்டால் மூச்சு வாங்கும். அதனால் சார் லினக்ஸ் போட்டார். அதிலும் ரெடிமேடாகக் கிடைப்பதைப் போடவில்லை. அதன் நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம், அதைத் தானே செய்வதாகச் சொன்னார்.

“கெர்னல்னா மேஸ்திரி மாதிரிண்ணா. ரெடிமேட் மேஸ்திரி பின்னாடி ஐநூறு ஆளு நிப்பாங்க. இந்தக் கிழட்டு லேப்டாப்பால ஐநூறு பேருக்குச் சோறு போட முடியாது. நான் இதுக்கு வேணுங்கிற ஆளுங்கள மட்டும் பொறுக்கி எடுத்து மேஸ்திரிகூட அனுப்புறேன். அந்த ஆளுங்களுக்கு மாட்யூல்னு பேரு.”

பொறுக்கி எடுத்தார். லேப்டாப் பறந்தது. மூடியைத் திறந்தால் நான் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் தயாராக நின்றது. ஆனால் ஒயர்லெஸ் மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை மேடம் சொல்லிவிட்டார்: “சனிக்கிழம பத்து மணிக்கு சிஸ்டரு வராங்க. பன்னெண்டும் நெட்டுல ஓடணும். ஓடலன்னு வெச்சிக்க, ரெடிமேடே போட்டுக் குடுக்கற ஆளு எனக்குப் பொத்தேரில கீறாரு. நீ வேற எடம் பாத்துக்க.”

மேடம் கோபத்தில் நூறு சொல்வார். இதைக் கோபமில்லாமல் சொன்னார். அதனால் எல்லோருக்கும் புரிந்தது.

சார் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் என்னென்ன காரணம் இருக்கலாம் என்று வரிசையாக எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியதால், எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். முதல் வரி, உள்ளே கார்டு, ஒயர் ஏதாவது தப்பாக இருக்கலாம் என்பது. எழுதிய கையோடு அதன் மேல் ஒரு கோடு போட்டார்.

“இது வேணாம். உள்ள கை வெச்சது அண்ணா. அங்க தப்பு இருக்காது.”

எழுதிவிட்டு ஒரு பேச்சுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, அவர் இரண்டாவது வரிக்குப் போய்விட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் பின்னறைக்குப் போய், கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவினேன்.

திங்கள் சாயங்காலம், ஒயர்லெஸ்ஸுக்கான ஆளைப் பொறுக்கும்போதே விட்டுவிட்டார் என்று தெரிந்தது. சேர்த்தார். செவ்வாய், ஆள் வந்துவிட்டான், சாமான் பையை எடுத்து வரவில்லை என்றார். பை என்பது ஏதோ ஒரு பைல், அதையும் கொண்டுவந்து வைத்தார். அப்போது லேப்டாப் கொஞ்சம் இணைந்தது. கொஞ்சம் என்றால், கடையின் உள்ளே இன்டர்நெட் பெட்டிக்கு ஒரு முழம் பக்கத்தில் வைத்தால் ஓடும், முன் மேஜைக்குக் கொண்டுவந்தால் செத்துவிடும். புதன், ஆள் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தூங்கிவிடுகிறான் என்றார். தூங்கக் கூடாது என்று கட்டளை போட்டார். ஆள் விழித்திருந்தான், ஆனால் காது கேட்கவில்லை.

சார் லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையில் ஏந்திக்கொண்டு, பெட்டிக்கும் வாசலுக்குமாக நடந்தார். தெருவில் போகிறவர்கள் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

“சாரு, ஊர்வலம் எப்ப முடியும்?” என்று மேடம் கேட்டார்.

“காரணம் கிடைச்சதும் மேடம்.”

“காரணத்த நானே சொல்றேன். நீ ரெடிமேட் போடல, அதான்.”

“ரெடிமேட் போட்டும் பாத்தேன் மேடம். அதுலயும் இப்படித்தான் இருக்கு. ஏன்னுதான்...”

“ஏன்னு கேட்ட, அடிப்பேன்!”

வியாழக்கிழமை ஒரு லேப்டாப்பில் கீல் உடைந்திருந்தது. உதிரிக்கு வைத்த பதிமூன்றாவதை அதுவரை யாரும் திறக்கவில்லை. கீல் எடுக்க அதைத் திறந்தேன். உள்ளே ஒயர்லெஸ் கார்டில் சின்னதாக இரண்டு பித்தளைக் குமிழ்கள். ஜாக்கெட்டில் வைக்கும் டிச் பட்டன் மாதிரி, ஒயர் நுனியை மேலே வைத்து அமுக்கினால் உட்கார்ந்துகொள்ளும். குமிழ் இரண்டு இருந்தாலும் இந்த லேப்டாப்புக்கு வந்திருப்பது ஒரே ஒரு ஒயர். பதிமூன்றாவதில் அது ஒன்று என்று எழுதிய குமிழில் இருந்தது.

எனக்குக் கை நின்றுவிட்டது. மற்ற பன்னிரண்டிலும் நான் இரண்டு என்று எழுதிய குமிழில் மாட்டியிருந்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்றாவது குமிழ் தள்ளி இருக்கிறது, அதுவரை போனால் ஒயர் விறைப்பாக நிற்கும். விறைப்பாக நிற்கிற ஒயர் ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும். இந்தக் கடைக்கு வருமுன் நான் தையல் மிஷின் மோட்டார் கட்டும் இடத்தில் இருந்தவன், அங்கே இதுதான் முதல் பாடம். தூசு எடுக்கக் கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது, பக்கத்தில் காலியாக ஒரு குமிழ் இருக்க ஏன் இழுத்து மாட்ட வேண்டும் என்று, அழகாக, தளர்வாக, பன்னிரண்டிலும் பக்கத்துக் குமிழில் மாட்டிவிட்டேன். அந்த ஒயர்தான் ஆண்டெனா என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். குமிழுக்குக் குமிழ் வித்தியாசம் இருக்கும் என்பதுதான் தெரியாது.

உடனே எழுந்து முன்னறைக்குப் போனேன். “சார், ஒண்ணு சொல்லணும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையைக் காட்டினார். “இருங்கண்ணா, கிட்ட வந்துட்டேன். இந்த ஆளோட புரோகிராமையே வரி வரியா படிக்கிறேன். இன்னும் கொஞ்சம்தான்.”

பலகையைப் பார்த்தேன். பதினாறு வரிகள் ஆகியிருந்தன. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து அடித்திருந்தார். முதல் வரியை மட்டும் சோதிக்காமல் அடித்திருந்தார். அந்தக் கோடுதான் எல்லாவற்றையும்விட நேராக இருந்தது.

நான் கீலை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். பேச்சு எனக்கு எப்போதுமே சுலபமாக வராது. கடைக்கு ஆள் வந்தால் நான் அலமாரிக்குப் பின்னால் ஏதாவது தேடுகிற மாதிரி நிற்பவன். ஆறு மணிக்குக் கூடுவாஞ்சேரி போகும் ரயிலில் ஏறியபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சொல்ல முடியாவிட்டால் என்ன, செய்ய முடியுமே. கடைச் சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்துவிட்டேன். பன்னிரண்டு லேப்டாப்பையும் திறந்து, ஒயரை இரண்டிலிருந்து எடுத்து ஒன்றில் அமுக்கி, மூடி, அடுக்கியபடியே அடுக்கினேன். எட்டே கால் ஆனது. ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. பொத்தானைத் தொடக்கூடாது என்பது சட்டம். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. யாருக்கும் தெரியாமல் தப்பு செய்தேன், யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிட்டேன் என்று வெளியே போய் டீயும் ஒரு வடையும் சாப்பிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு சார் வந்தார். ராத்திரி தூங்காத முகம், ஆனால் பளிச்சென்று இருந்தது.

“அண்ணா, நேத்து நீங்க போனப்புறம் கிடைச்சிடுச்சு! அந்தப் புரோகிராமுக்குள்ள, ஆண்டெனா எந்தக் குமிழ்ல இருக்குன்னு சொல்ற ஒரு இடம் இருக்கு. ஒண்ணுன்னு இருந்துச்சு. ரெண்டுன்னு மாத்தினேன். பன்னெண்டுலயும் மாத்திட்டேன். எல்லாம் ஃபுல் சிக்னல். மேடத்துக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

நான் கழுவிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஆனா திருப்தியில்லண்ணா. கம்பெனி புக்குல ஒண்ணுன்னுதான் போட்டிருக்கான். நம்மளுது மட்டும் ஏன் ரெண்டு? ஓடுது, ஆனா ஏன் ஓடுது?”

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கட்டிலின் இரண்டு முனையிலும் இரண்டு பேர் நின்று, ஒருவர் கிழக்கே இழுத்து, இன்னொருவர் அது தெரியாமல் மேற்கே இழுத்தால் கட்டில் எங்கே நிற்கும் என்று தெரியும். சொல்ல வாயெடுத்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மேடமும் சிஸ்டரும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

“பாருங்க சிஸ்டர், எங்காளு ராத்திரியே முட்ச்சிட்டாரு” என்றார் மேடம். நேற்றுவரை பொத்தேரி ஆளைப் பற்றிப் பேசியவர்.

சார் ஒரு லேப்டாப்பைத் திறந்தார். பறந்து வந்து நின்றது. ஒயர்லெஸ் வரவில்லை. இன்னொன்றைத் திறந்தார். அதுவும் இல்லை. மூன்றாவது, நான்காவது. மேடத்தின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“நேத்து ஓட்ச்சின்ன?”

“ஓடுச்சு மேடம்.”

“இன்னிக்கி இன்னாத்துக்கு ஓடல?”

“அதான் தெரியல” என்றார் சார். சொல்லும்போது அவர் முகத்தில் கவலையே இல்லை. வேலை போகப்போகிற மனிதனின் முகமா அது? நல்ல கேள்வி ஒன்று கிடைத்த முகம்.

சிஸ்டர் மென்மையாகத்தான் சொன்னார். “பரவாயில்லை. பிள்ளைங்களுக்குத் திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பிக்குது, நான் தள்ளிப்போட முடியாது. வேற இடத்துல கேட்டுப் பார்க்கிறேன். தப்பா நினைக்காதீங்க.”

மேடம் சாரைப் பார்த்தார். சார் பலகையைப் பார்த்தார். பதினேழாவது வரி எழுதப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து நான் வெளியே வந்தேன்.

“நான்தான்” என்றேன். மூன்று பேரும் திரும்பினார்கள். “ஒயர நான்தான் ரெண்டுல மாட்டினேன். பன்னெண்டுலயும். இன்னிக்கிக் காத்தால வந்து ஒண்ணுக்கு மாத்திட்டேன். சார் மாத்தினது எனக்குத் தெரியாது. சார் மேல தப்பு இல்ல மேடம்.”

ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது என் கல்யாணத்தில்கூட இல்லை.

சார் என் அருகில் வந்தார். “மொதல்ல ஏன்ணா ரெண்டுல மாட்டினீங்க?”

“ஒண்ணுல மாட்டினா ஒயரு இழுத்துக்கினு நிக்குது சார். பிஞ்சிடும்னு...”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். இல்லை, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் தேடியது கிடைத்த சிரிப்பு. “இழுத்துக்கினு நிக்குது” என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, இரண்டு என்று இருந்ததை ஒன்று என்று மாற்ற ஆரம்பித்தார். பன்னிரண்டும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. சிஸ்டர் அதுவரை டீ குடித்தார். ஒவ்வொரு லேப்டாப்பையும் வாசல் வரை ஏந்திப் போய்ப் பார்த்தோம், முழு சிக்னல். ஆட்டோவில் ஏற்றும்போது சிஸ்டர் எனக்கும் தனியாக நன்றி சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆட்டோ போனதும் மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு ஒயருக்கு ஒரு வாரம். இதுங்கள வெச்சிக்கினு நான் கட நடத்தறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேலை பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

“எப்பண்ணா தெரியும் உங்களுக்கு?” என்று சார் கேட்டார்.

“வியாழக்கிழம.”

“அப்பவே ஏன் சொல்லல?”

நான் பலகையைக் காட்டினேன். “அண்ணா கை வெச்சா தப்பு இருக்காதுன்னு நீங்க அடிச்சிட்டீங்க சார். அதுக்கப்புறம் நான் எப்பிடி...”

அவர் பலகைக்குப் போய் முதல் வரியின் கோட்டை விரலால் தொட்டார். “அத நான் ஏன் அடிச்சேன்?” என்றார். என்னைக் கேட்கவில்லை. டியூப்லைட்டையும் காய்ச்சலையும் பெண்ணின் அப்பாவையும் கேட்டவர், அன்றைக்குத்தான் தன்னைக் கேட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை வேறு ஒரு லேப்டாப் வந்தது. நான் தூசு எடுத்துக் கொடுத்தேன், ஆனால் அதன் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. சார் பலகையைத் துடைத்துவிட்டு முதல் வரியில் ஏதோ எழுதினார். என்ன என்று கேட்டேன்.

“உங்க பேருண்ணா” என்றார். “கழட்டினப்ப எதையாச்சும் எடம் மாத்தினீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்தேன். “இல்ல சார். ஒரு ஸ்க்ரூ மட்டும் பழசு, புதுசு போட்டேன்.”

“எந்த எடத்துல?”

காட்டினேன். குனிந்து பார்த்தார். அதன் பிறகுதான் என் பெயர் மேல் கோடு போட்டார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் அங்கே இருந்தார். அப்புறம் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த எட்டு மாதமும் எது கெட்டாலும் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார். நாற்பத்தேழு வயது வரை என்னைத் திட்டியவர்கள் உண்டு, பாவம் என்று விட்டவர்கள் உண்டு. நடந்தது என்ன என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை நின்றவர் அவர் ஒருவர்தான்.

ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை.